இரைப்பைக்குள் போன ஸ்டேப்ளர்

1908 மே மாதம், புடாபெஸ்ட். ஹூமேர் ஹூல்ட்ல் என்ற அறுவை மருத்துவர், இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுக்கும் ஓர் ஆபரேஷனில் புது இயந்திரம் ஒன்றைப் பயன்படுத்தினார். அதன் எடை 3.6 கிலோ. பாகங்களைப் பூட்டித் தயார் செய்யவே இரண்டு மணி நேரம் பிடிக்கும். பூட்டி முடித்துவிட்டால், இரைப்பையைக் குறுக்காகக் கவ்விப் பிடித்து, மெல்லிய எஃகுக் கம்பித் துண்டுகளை நான்கு வரிசையாக இறக்கி மடித்துவிடும். இந்தப் பக்கம் இரண்டு வரிசை, அந்தப் பக்கம் இரண்டு வரிசை இருக்கும்படி நடுவில் வெட்டினால் போதும். வெட்டுப்படும் இரு வாய்களும் வெட்டுவதற்கு முன்பே மூடிக்கிடக்கும்.

இது அன்றைய மருத்துவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது இன்று நமக்குச் சட்டென்று விளங்காது. இரைப்பையைத் திறந்தால் உள்ளே இருப்பது வயிற்றறைக்குள் சிந்தும். சிந்தினால் சீழ் பிடிக்கும். அதைக் கட்டுப்படுத்த ஆன்டிபயாடிக் கிடையாது. அது மருத்துவமனைகளை எட்ட இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஹூல்ட்லின் யோசனைக்கு உருவம் கொடுத்தவர் விக்டர் ஃபிஷர் என்ற கருவித் தயாரிப்பாளர். கம்பித் துண்டு மடங்கும் விதத்தில்தான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. மேஜையில் இருக்கும் ஸ்டேப்ளர் காகிதத்தை நசுக்கித் தட்டையாக மடிக்கும். சதையை அப்படி நசுக்கினால் ரத்த ஓட்டம் நின்று அந்த இடம் அழுகிவிடும். அதனால் இந்தக் கம்பி, படுத்த நிலையில் உள்ள ஆங்கில ‘பி’ எழுத்தைப்போல மடங்கியது. இரு வளையங்களின் இடைவெளியில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பிழைத்துக்கொண்டன. நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த மடிப்பு மாறவில்லை.

எடைக் குறைப்பு அறுவையைப் பற்றி எழுதப் போய் ஹங்கேரியில் தொடங்குவானேன் என்று கேட்கலாம். ஸ்லீவ், பைபாஸ், மினி பைபாஸ், டியோடினல் ஸ்விட்ச் என்று மருத்துவமனைக் கையேடுகள் ஒரு பட்டியலை நீட்டுகின்றன. படித்து முடித்தால் பெயர்கள் மட்டும் மனதில் நிற்கும், வித்தியாசம் நிற்காது. என் பார்வையில், ஸ்டேப்ளர் எந்தக் கோட்டில் ஓடுகிறது, ஓடிய பின் எதை எதோடு இணைக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்குள் அத்தனை வகையும் அடங்கிவிடும். இந்தக் கருவி ஊர் ஊராகப் போன கதையைச் சொன்னால், வகைகள் ஏன் இத்தனை வந்தன, எது ஏன் நிலைத்தது என்பதும் கூடவே வந்துவிடும்.

ஹூல்ட்லின் இயந்திரம் கனத்தாலும் விலையாலும் பரவவில்லை. 1920களின் தொடக்கத்தில் இன்னொரு ஹங்கேரியர், அலடார் பெட்ஸ், கையில் பிடிக்கக்கூடிய இலகுவான கருவியைச் செய்தார். அது ஐரோப்பாவெங்கும் ஆபரேஷன் தியேட்டர்களுக்குள் நுழைந்தது. ஜியோர் நகரத்தின் மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1934ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் ஃப்ரீட்ரிஷ் என்ற மருத்துவர், கம்பிகளை முன்கூட்டியே நிரப்பி வைத்து மாற்றிக்கொள்ளும் கார்ட்ரிட்ஜ் முறையைக் கொண்டுவந்தார். அப்புறம் போர் வந்தது.

போருக்குப் பின் கருவியைக் கையில் எடுத்தது சோவியத் யூனியன். அறுவைக் கருவிகளை உருவாக்குவதற்கென்றே மாஸ்கோவில் ஒரு நிறுவனத்தை அரசு அமைத்தது. ரத்தக்குழாய்க்கு ஒன்று, நுரையீரலுக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று என்று ஸ்டேப்ளர்கள் வரிசையாக வந்தன. 1958ல் அமெரிக்க மருத்துவர் மார்க் ராவிட்ச் ஒரு குழுவோடு அங்கே போனபோது, கீவ் நகரில் நிக்கொலாய் அமோசோவின் தியேட்டரில் மூச்சுக்குழாயின் முனையை ஸ்டேப்ளரால் மூடுவதைப் பார்த்தார். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். ஆனாலும் ராவிட்ச் லெனின்கிராடில் ஒரு கருவிக் கடைக்குள் போய்க் காசு கொடுத்து ஒன்றை வாங்கி, பால்டிமோருக்குக் கொண்டுவந்துவிட்டார். ராணுவ ரகசியங்களுக்காக இரு நாடுகளும் உளவாளிகளை ஓடவிட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் கடை பில்லோடு நடந்த இந்தத் தொழில்நுட்பப் பெயர்ச்சி, என்னைக் கேட்டால், அந்தக் காலத்தின் உருப்படியான கடத்தல்களில் ஒன்று.

சோவியத் கருவியில் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கையால் நிரப்ப வேண்டியிருந்தது. மருத்துவப் பின்னணியே இல்லாத தொழில்முனைவர் லியோன் ஹிர்ஷ் அந்தக் குறையைப் பார்த்தார். 1964ல் யுனைடெட் ஸ்டேட்ஸ் சர்ஜிக்கல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். நிரப்பிய, கிருமி நீக்கிய, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் கார்ட்ரிட்ஜோடு 1967ல் அமெரிக்க ஸ்டேப்ளர் விற்பனைக்கு வந்தது.

எடைக் குறைப்பு அறுவை இதற்குள் வேறொரு பாதையில், வெறும் ஊசி நூலோடு, தொடங்கியிருந்தது. 1954ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கிரெமன், லின்னர் குழுவினர் சிறுகுடலின் பெரும்பகுதியை ஓரங்கட்டிவிட்டு, மேல் முனையைக் கீழ் முனையோடு நேராக இணைப்பதைப் பற்றி எழுதினார்கள். இரைப்பையைத் தொடவே இல்லை. வேண்டிய மட்டும் சாப்பிடலாம், சத்து உடம்பில் ஒட்டாது என்பது கணக்கு. பல மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில் அரை மீட்டர்கூட வேலைக்கு மிஞ்சாத அந்த ஆபரேஷனில் எடை நிச்சயம் குறைந்தது. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், மூட்டு வலி, சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பு. 1980 வாக்கில் அது கைவிடப்பட்டது. பைபாஸ் என்ற சொல்லைக் கேட்டதும் சிலருக்கு இன்றும் வரும் பயத்தில் ஒரு பங்கு அந்த ஆபரேஷன் விட்டுப்போனது. இன்று பைபாஸ் என்று செய்வது அதுவல்ல.

இன்றைய பைபாஸுக்கு மூலவர் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதியை இழந்த பெண்கள் அதற்குப் பின் எடை போட முடியாமல் மெலிந்தே இருப்பதை அவர் கவனித்தார். ஒரு நோயாளிக்குத் தொல்லையாக இருப்பது இன்னொருவருக்கு மருந்தாகலாமே என்று 1966ல் சிகாஷி இட்டோவோடு சேர்ந்து செய்து பார்த்தார். இரைப்பையின் உச்சியில் சின்னப் பையைத் தனியாகப் பிரித்து, கீழிருந்து சிறுகுடலின் ஒரு வளைவைத் தூக்கி அதோடு தைத்தார். எடை குறைந்தது, முந்தைய ஆபரேஷன் தந்த கோரங்கள் இல்லை. ஆனால் அந்த வளைவின் வழியாகப் பித்தநீர் மேலேறிப் பைக்குள் வந்தது. 1977ல் கென்டக்கியின் வார்டு கிரிஃபென், சுவிட்சர்லாந்து மருத்துவர் சீஸர் ரூ 1890களிலேயே செய்து காட்டிய இணைப்பு முறையை இங்கே கொண்டுவந்தார். குடலை வெட்டி, ஒரு முனையைப் பைக்கு மேலே கொண்டுபோய், பித்தநீர் வரும் மறுமுனையை மிகக் கீழே சேர்ப்பது அது. உணவு ஒரு வழியில் வரும், பித்தநீர் இன்னொரு வழியில் வரும், இரண்டும் கீழே போய்ச் சந்திக்கும். ரூ-என்-ஒய் பைபாஸ் என்று இன்று சொல்வது இதைத்தான். சுமார் 30 மில்லி பிடிக்கும் பை, பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டிய உணவு வழி, இரண்டு இணைப்புகள்.

அதே 1977ல், மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஜான் ஆல்டன் என்பவர் எழுதிய கட்டுரையில் நம் ஸ்டேப்ளர் இந்தக் கதைக்குள் வருகிறது. இரைப்பையை வெட்டவே வேண்டாம், குறுக்கே ஒரு வரிசை ஸ்டேப்ளைப் போட்டால் மேல் பை தனியாகிவிடுமே என்றார் அவர். நேரம் மிச்சம், ஆபத்து குறைவு. பலரும் பின்பற்றினார்கள். சில மாதங்களிலும் ஆண்டுகளிலும் அந்தக் கோடு பிரிந்து வழி விடத் தொடங்கியது. ஒவ்வொரு கவளமும் அதை இடித்துக்கொண்டே இருந்ததில், உணவு தன் பழைய பாதையைக் கண்டுபிடித்துவிட்டது. நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. பசி திரும்பும், எடை திரும்பும். ஸ்டேப்ளை அடித்தால் மட்டும் போதாது, நடுவே வெட்டிப் பிரிக்கவும் வேண்டும் என்ற பாடத்தைப் பல நோயாளிகளின் செலவில் துறை கற்றுக்கொண்டது. ஹூல்ட்ல் முதல் நாளே செய்தது அதுதான்!

மேசனும் சும்மா இருக்கவில்லை. குடலைத் தொடாமல் இரைப்பையை மட்டும் சுருக்கினால் என்ன என்று 1980ல் ஸ்டேப்ளரைச் செங்குத்தாக ஓட்டினார். உச்சியில் ஒரு சின்ன அறை. அதன் வாயில் 5 சென்டிமீட்டர் சுற்றளவில் செயற்கை வலைத்துணிப் பட்டை. எளிய ஆபரேஷன், அதனால் உலகெங்கும் பரவியது. கறியும் காய்கறியும் அந்தக் குறுகிய வாயில் அடைத்துக்கொண்டன. ஐஸ்கிரீமும் இனிப்புப் பானங்களும் தங்குதடையின்றி இறங்கின. எதைச் சாப்பிடக் கூடாதோ அதையே சாப்பிட வைக்கும் ஆபரேஷன் என்று அது பெயரெடுத்தது.

ஸ்டேப்ளரே வேண்டாம் என்று ஒரு கட்சியும் கிளம்பியது. அமெரிக்காவில் தொழில் செய்த உக்ரைனியர் லுபோமிர் குஸ்மாக், 1986ல் உள்ளே பலூன் வைத்த சிலிக்கோன் வளையத்தை இரைப்பையின் உச்சியைச் சுற்றிக் கட்டினார். வளையத்திலிருந்து ஒரு குழாய் தோலுக்கு அடியில் உள்ள சின்னப் பெட்டிக்கு வரும். அதில் ஊசி போட்டு உப்புநீரை ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். வெட்டு இல்லை, தையல் இல்லை, வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். 1993ல் பெல்ஜியத்தின் மித்ரு பெலாச்சு லேப்ராஸ்கோப்பி மூலம், சின்னத் துளைகளின் வழியாகவே இதைப் பொருத்தினார். 2001ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அனுமதி தந்ததும் அங்கே பேண்ட் என்று பெயர்பெற்ற இந்த வளைய ஆபரேஷன் சக்கைப்போடு போட்டது. பத்தாண்டு தாங்கவில்லை. வளையம் நழுவியது, சிலருக்கு இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போனது, எடையும் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. இன்று பேண்டைப் பொருத்துவதைவிடக் கழற்றுவதே அதிகம் என்று அந்தத் துறையினரே சொல்வார்கள்.

இந்த மூன்றையும் ஒரே தராசில் நிறுத்த வாய்ப்பளித்தது 1987ல் ஸ்வீடனில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு. 15 ஆண்டுக்குப் பின் எடைக் குறைவு பேண்ட் போட்டவர்களுக்குச் சராசரி 13 சதவீதம், மேசனின் செங்குத்துக் கோட்டுக்காரர்களுக்கு 18, பைபாஸ்காரர்களுக்கு 27. அறுவை செய்துகொண்டவர்களிடம் இறப்பும் குறைந்திருந்தது என்பது 2007ல் வெளியான அந்த முடிவுகளின் தலைப்புச் செய்தி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. மூன்றிலுமே உணவு போகும் வழி சுருக்கப்பட்டிருக்கிறது, ஆனால் குடலின் பாதையை மாற்றிய ஆபரேஷன் மட்டும் தனியாக நிற்கிறது. வயிற்றின் அளவு மட்டும்தான் விஷயம் என்றால் இப்படி ஆகியிருக்காது.

அதற்கான விடை முதலில் சர்க்கரை நோயாளிகளிடமிருந்து வந்தது. வட கரோலினாவின் வால்டர் போரீஸ் 1995ல், பைபாஸ் செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ரத்தச் சர்க்கரை இயல்புக்கு வந்துவிட்டதை வெளியிட்டார். அதுவும் எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே இறங்கியது. உணவு முன்சிறுகுடலைத் தாண்டிச் சீக்கிரமே கீழ்க்குடலை எட்டும்போது ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் பெருகுகின்றன. அவை இன்சுலினைத் தூண்டும், மூளைக்குப் போதும் என்று சொல்லும். இப்போது வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைடு ஊசி இந்த ஹார்மோனின் வேலையைத்தான் வெளியிலிருந்து செய்கிறது. 1999ல் ஜப்பானியர்கள் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். அது அதிகம் சுரப்பது இரைப்பையின் உச்சிக் கூம்பில். அந்தக் கூம்பு அடுத்த சில ஆண்டுகளில் ஸ்டேப்ளரிடம் மாட்டப்போகிறது.

1990களில் ஸ்டேப்ளர் மெலிந்து நீண்டது. 12 மில்லிமீட்டர் துளை வழியாக உள்ளே போய், ஆறு வரிசை டைட்டானியக் கம்பிகளை இறக்கி, நடுவே கத்தியும் ஓடி, மும்மூன்று வரிசையாகப் பிரிக்கும் கருவி வந்துவிட்டது. 1994ல் சான் டியேகோவின் விட்குரோவ், கிளார்க் இருவரும் பைபாஸை முழுக்க லேப்ராஸ்கோப்பியில் செய்ததை வெளியிட்டார்கள். பெரிய வெட்டுக் காயத்தில் குடலிறக்கமும் சீழும் வந்து படுத்தவர்களுக்கு இது மறுபிறவி.

ஸ்லீவ் பிறந்த விதம் விசித்திரம். இத்தாலியின் ஜெனோவாவில் நிக்கோலா ஸ்கோப்பினாரோ 1970களிலேயே மிகத் தீவிரமான ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்: இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, உணவும் செரிமான நீரும் கடைசி 50 சென்டிமீட்டர் குடலில் மட்டும் சந்திக்கவிடுவது. அதன் திருத்திய வடிவம்தான் டியோடினல் ஸ்விட்ச். இரைப்பையை நீள்குழாயாக்கி, அதன் கீழ் வாயிலைக் காப்பாற்றி, அதற்கு அப்பால் குடலை வெட்டி இணைப்பது. எடை மிக அதிகமாகக் குறையும். புரதமும் விட்டமினும் அதே வேகத்தில் குறையும். நியூயார்க்கில் மிஷேல் காக்னே 1999ல் இதை லேப்ராஸ்கோப்பியில் செய்யத் தொடங்கியபோது, மிகப் பெரிய உடம்புக்காரர்களுக்கு ஒரே தடவையில் முடிப்பது உயிருக்கு ஆபத்தாக இருந்தது. அதனால் முதலில் இரைப்பையைக் குழாயாக்கும் பாதியை மட்டும் செய்வோம், எடை கொஞ்சம் இறங்கியதும் குடல் வேலையைப் பார்ப்போம் என்று பிரித்தார்கள். சிலருக்கு இரண்டாம் பாதி தேவைப்படவே இல்லை. பாதி ஆபரேஷன் முழு ஆபரேஷனாகிவிட்டது. 2013 வாக்கில் அமெரிக்காவில் பைபாஸை முந்தியது. இன்று உலகில் அதிகம் நடப்பது ஸ்லீவ்தான்.

அதில் ஸ்டேப்ளர் ஓடும் வழி இது. வாய் வழியாக ஒரு விரல் பருமனில் குழாயை இறக்கி வைத்துக்கொள்வார்கள். இரைப்பையின் கீழ் வாயிலிலிருந்து 4 முதல் 6 சென்டிமீட்டர் தள்ளித் தொடங்கி, அந்தக் குழாயை ஒட்டியே உணவுக்குழாய் சேரும் இடம் வரை, 60 மில்லிமீட்டர் கார்ட்ரிட்ஜ்கள் ஐந்தாறு அடுத்தடுத்து அடித்து வெட்டுவார்கள். இரைப்பையில் நான்கில் மூன்று பங்கோ அதற்கு மேலோ, கிரெலின் சுரக்கும் கூம்போடு, துளை வழியாக வெளியே வந்துவிடும். கீழே சுவர் தடிப்பு, மேலே போகப் போக மெலிவு. அதற்கேற்ப உயரமான கம்பியுள்ள கார்ட்ரிட்ஜிலிருந்து குட்டையானதற்கு மாறவேண்டும். தடித்த இடத்தில் குட்டைக் கம்பி அடித்தால் மடியாது. மெல்லிய இடத்தில் உயரக் கம்பி அடித்தால் இறுகாது. கசிவு என்று சொல்லப்படும் பயங்கரம் பெரும்பாலும் அந்த நீண்ட கோட்டின் மேல் முனையில்தான் வரும். நூறில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வந்தாலும், வந்தவருக்கு வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம். எடுத்த இரைப்பை திரும்ப வராது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கழற்ற முடியும் என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

ஸ்லீவ் ஏன் வென்றது? ஒரே கோடு, இணைப்பு ஏதும் இல்லை, நேரம் குறைவு, கற்றுக்கொள்வதும் எளிது. இந்த எளிமையில் பாதி மருத்துவருக்கு, மீதிதான் நோயாளிக்கு என்பது என் எண்ணம். ஃபின்லாந்தில் நடந்த ஸ்லீவ்பாஸ் ஒப்பீட்டில் ஐந்து ஆண்டு கழித்து, கூடுதல் எடையில் ஸ்லீவ்காரர்கள் இழந்தது 49 சதவீதம், பைபாஸ்காரர்கள் இழந்தது 57. வித்தியாசம் பிரமாதம் இல்லைதான். ஆனால் குறுகிய குழாய்க்குள் அழுத்தம் ஏறுவதால் அமிலம் மேலே வரும். ஏற்கெனவே நெஞ்செரிச்சலால் தூக்கம் கெட்டவருக்கு ஸ்லீவ் செய்வது தெரிந்தே தீயில் எண்ணெய் வார்ப்பது. அப்படிப்பட்டவருக்கும், நீண்டகாலச் சர்க்கரை நோயாளிக்கும் பைபாஸின் பக்கம்தான் தராசு சாய்கிறது.

இந்தியாவுக்கு லேப்ராஸ்கோப்பி அறுவை 1990ல் மும்பையில் டெஹம்டன் உட்வாடியாவின் பித்தப்பை ஆபரேஷனோடு வந்தது. தமிழ்நாட்டில் கோவையின் சி. பழனிவேலு அதன் முன்னோடிகளில் ஒருவர். அவர் நிறுவிய மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவையும் இன்று முக்கியத் துறை. ஸ்டேப்ளர் இங்கே வந்து சேர்ந்தபோது அதோடு ஒரு பழைய சண்டையும் வந்தது. 1997ல் அமெரிக்காவின் ராபர்ட் ரட்லெட்ஜ், மேசனின் முதல் யோசனையையே சற்று மாற்றிக் கையில் எடுத்திருந்தார். சின்னப் பைக்குப் பதில் நீண்ட பை, மேலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் குடலைத் தாண்டி ஒரே ஓர் இணைப்பு. இதுதான் மினி பைபாஸ். பித்தநீர் மேலேறிய பழைய நினைவில் அமெரிக்கத் துறையினர் முகம் சுளித்தார்கள். இந்தியாவிலோ அது வேர்பிடித்தது. ஸ்லீவுக்கு அடுத்து இங்கே அதிகம் பேசப்படுவது அதுதான். சர்க்கரைக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இரண்டு மீட்டரைத் தாண்டவைத்தால் புரதச் சத்தும் இரும்புச் சத்தும் வீழும். சைவ உணவுக்காரருக்கு அந்த அபாயம் அதிகம். பெயரில் மினி இருப்பதால் சின்ன ஆபரேஷன் என்று நினைத்துவிடக் கூடாது.

2019–21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதத்தினர், ஆண்களில் 37 சதவீதத்தினர் அதிக எடை உள்ளவர்கள். அத்தனை பேருக்கும் ஸ்டேப்ளர் வேண்டியதில்லை. 2022ல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல், உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளக்கும் பிஎம்ஐ 35ஐத் தாண்டியவருக்கு அறுவையைப் பரிந்துரைக்கிறது. சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 30லேயே யோசிக்கலாம், ஆசியர்களுக்கு 27.5லேயே வாய்ப்பு தரலாம் என்கிறது. 160 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு 35 என்பது சுமார் 90 கிலோ, 27.5 என்பது 70 கிலோ. காப்பீட்டின் கணக்கு வேறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2019 வரையறைப்படி பிஎம்ஐ 40 வேண்டும், அல்லது கட்டுக்கடங்காத சர்க்கரை, கடும் தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் போன்றவற்றோடு 35 வேண்டும். 85 கிலோ எடையும் சர்க்கரையும் உள்ள அதே உயரக்காரர் மருத்துவரின் கணக்கில் தேறுவார், காப்பீட்டின் கணக்கில் தேறமாட்டார். கார்ட்ரிட்ஜ் ஒவ்வொன்றும் ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள் என்பதால் பில்லில் அது கனமான வரி. எத்தனை கார்ட்ரிட்ஜ், என்ன விலை என்பது கையிலிருந்து கட்டுகிறவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடவேண்டிய கேள்வி.

உள்ளே போன டைட்டானியக் கம்பி உடம்பிலேயே இருக்கும். அது துருப்பிடிக்காது, பிற்பாடு எம்ஆர்ஐ எடுக்கத் தடையும் இல்லை. ஆயுள் முழுக்கக் கவனிக்கவேண்டியது சாப்பாடும் மாத்திரையும்தான். பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி ஆகியவற்றை நிறுத்தவே கூடாது. ஆண்டுக்கொரு ரத்தப் பரிசோதனையும் வேண்டும். நாள் கணக்கில் வாந்தி எடுத்தால் தயமின் சத்து தீர்ந்து நரம்பு பாதிக்கும். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். பைபாஸ், மினி பைபாஸ் செய்தவர்கள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகளைத் தொடக் கூடாது. இணைப்பு வாயில் புண் வந்து ஓட்டை விழும். சிகரெட்டும் அதே வேலையைச் செய்யும். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் குறைந்தது ஒன்று, ஒன்றரை ஆண்டு தள்ளிப்போடவேண்டும்.

இன்னொன்றையும் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். எந்த வகை, பையின் அளவு என்ன, எத்தனை சென்டிமீட்டர் குடலைத் தாண்டவிட்டார்கள், எத்தனை இணைப்பு என்று அதில் இருக்கவேண்டும். ஐந்து ஆண்டு கழித்து வேறோர் ஊரில் நள்ளிரவில் வயிற்றுவலியோடு போய் நிற்கும்போது, அங்கே இருக்கும் மருத்துவருக்கு ‘எடை குறைக்க ஏதோ ஆபரேஷன் செய்தார்கள்’ என்ற தகவல் போதாது. பைபாஸ் செய்தவருக்குக் குடல் உள்ளுக்குள்ளேயே சிக்கிக்கொள்வது உண்டு. அதில் தாமதம் கூடாது. அந்தத் தாளைப் படம் எடுத்துச் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவர் போனிலும் இருக்கட்டும்.